ஸ்ட்ரம்பெட் சிட்டி: ஏழு இரவுகளில் ஒரு கதவடைப்பு

வேலைநிறுத்தத்தைப் பற்றிய நாடகங்கள் பெரும்பாலும் மேடையடியில் நின்றே கதை சொல்லும். தலைவர் பேசுவார், சனம் கைதட்டும், பொலிஸ் வரும், தடியடி நடக்கும். அயர்லாந்தின் அரச தொலைக்காட்சியான ஆர்டிஈ 1980இல் ஒளிபரப்பிய ‘ஸ்ட்ரம்பெட் சிட்டி’ தொடரிலும் இவை உண்டு. ஆனால் இன்றைக்கும் ஊர் ஊராகப் போட்டுக் காட்டலாம் என்று பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. சம்பளம் நின்ற வீட்டின் அடுப்பில் என்ன கிடக்கிறது, எந்தச் சாமான் முதலில் வீட்டை விட்டுப் போகிறது, பக்கத்து அறைக்காரன் எதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு போகிறான் என்பதை அது கணக்குப் பிழையாமல் காட்டுகிறது. ஒரு வேலைநிறுத்தம் எந்த இடத்தில் உடைகிறது என்று இவ்வளவு கிட்ட நின்று பார்த்த தொடர்கள் குறைவு.

மொத்தம் ஏழு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஜேம்ஸ் பிளங்கெட் 1969இல் வெளியிட்ட நாவலை ஹியூ லெனார்ட் தொலைக்காட்சிக்கு எழுதினார். இயக்கியவர் டோனி பரி. நாவலாசிரியர் பிளங்கெட் டப்ளின் தொழிற்சங்கத்தில் முழுநேர ஊழியராக இருந்தவர். கதையில் வரும் தலைவர் ஜிம் லார்கினின் கடைசிக் காலத்தில் அவருக்குக் கீழேயே வேலை செய்தவர். வாடகைக் காசு, சந்தாக் காசு, நிவாரணப் பொதி போன்ற சின்னச் சங்கதிகள் நாடகத்தில் பிசகாமல் வருவதற்கு அதுதான் காரணம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் எங்கள் பக்கத்தில் ‘கதவடைப்பு’ என்றால் கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாவற்றையும் சனம் சேர்ந்து நிறுத்துகிற ஹர்த்தால். இந்த நாடகத்தின் கதவடைப்பு அதற்கு நேர் எதிர். இங்கே படலையைப் பூட்டுவது முதலாளி. சங்கத்தை விட்டு விலகுகிறேன், இனி அதற்கு ஆதரவும் தரமாட்டேன் என்று தாளில் கையெழுத்து வைத்தால் படலை திறக்கும். வைக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், நாலாம் ஐந்தாம் பகுதியில் “இவங்கள் ஏன் வேலைக்குப் போகாமல் நிக்கிறாங்கள்?” என்ற கேள்வி கட்டாயம் வரும்.

நாடகத்துக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். லிவர்பூலில் பிறந்த ஐரிஷ்காரரான லார்கின் 1907இல் பெல்பாஸ்ட் துறைமுகத்தில் பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியவர். துறைமுகக் கூலிகள், வண்டிக்காரர், களஞ்சியத் தொழிலாளர் போன்ற, எந்தக் கைத்தொழிற் சங்கமும் சேர்த்துக்கொள்ளாத ஆட்களுக்காக 1909இல் டப்ளினில் அயர்லாந்து போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தை இயக்கத் தொடங்கினார். எதிர்ப்பக்கத்தில் வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. ட்ராம் கம்பனி, பத்திரிகை, பெரிய துணிக்கடை, ஹோட்டல் எல்லாம் அவர் கையில். சங்கத்தில் சேர்ந்தவர்களை அவர் வேலையை விட்டு நிறுத்தத் தொடங்கினார். 1913 ஓகஸ்ட் 26, செவ்வாய்க்கிழமை. நகரத்தில் குதிரைக் கண்காட்சி தொடங்கி வெளியூர்ச் சனம் நிறைந்திருந்த நாள். காலை பத்து மணிக்குச் சற்று முன்னர் ட்ராம் தொழிலாளர் வண்டிகளை நடுத்தெருவில் நின்றபடி நிறுத்திவிட்டு இறங்கினார்கள். அந்த ஞாயிறு, ஓகஸ்ட் 31, தடையை மீறி லார்கின் ஒட்டுத்தாடி வைத்து வயதான பாதிரியார் வேடத்தில் மர்ஃபியின் சொந்த ஹோட்டலுக்குள்ளேயே நுழைந்து மேல்மாடத்தில் நின்று பேசினார். கீழே பொலிஸ் தடியால் அடித்து நூற்றுக்கணக்கானோரைக் காயப்படுத்தியது. இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 2, சேர்ச் வீதியில் சேரி மாடிவீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அந்தக் கிழமையே ஏறத்தாழ 400 முதலாளிகள் கூடி, மேற்சொன்ன கையெழுத்துத் தாளை எல்லாத் தொழிலாளரிடமும் நீட்டுவதென்று முடிவெடுத்தனர். ஏறத்தாழ 20,000 பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1914 ஜனவரி 18 வரை, கிட்டத்தட்ட ஐந்து மாதம் அது நீடித்தது.

தொடர் இந்த ஐந்து மாதத்தோடு தொடங்கவில்லை. 1907இல் ஏழாம் எட்வேர்ட் அரசர் டப்ளினுக்கு வந்த நாளில் தொடங்குகிறது. அரசராக வருபவர் பீட்டர் உஸ்டினொவ். ஆனால் கமரா அரசரோடு அதிக நேரம் நிற்காது. அரசர் வருகையில் வண்ண நாடா விற்று நாலு காசு பார்க்கலாம் என்று கிளம்புகிற ராஷர்ஸ் டியர்னியோடு நடக்கத் தொடங்கிவிடும். தகரப் புல்லாங்குழல் ஊதிப் பிழைக்கிற இந்தக் கிழவன், சாண்ட்லர்ஸ் கோர்ட் என்ற இடிந்த மாடிவீட்டின் நிலவறையில் ரஸ்டி என்ற நாயோடு குடியிருக்கிறான். நடித்தவர் டேவிட் கெலி. சங்கத்தில் இல்லாத, வேலையும் இல்லாத, எந்தக் கோரிக்கையும் இல்லாத ஒருவனை ஒரு வேலைநிறுத்த நாடகத்தின் முதுகெலும்பாக வைத்திருப்பது துணிச்சல். கோரிக்கை வைப்பவனுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. ராஷர்ஸுக்குப் பின்னால் நாய் மட்டும்தான். நகரத்தில் காசு குறையக் குறைய முதலில் வற்றுவது அவன் தொப்பிக்குள் விழும் சில்லறை. அதை நாடகம் ஒரு வசனமும் இல்லாமல் காட்டுகிறது.

மேல்தட்டு அறைகளில் மற்றவர்கள். வார்ப்படத் தொழிற்சாலையில் உலையடியில் நிற்கிற ஃபிட்ஸ், பணக்கார வீட்டில் வேலைக்கு நின்று அவனைக் கல்யாணம் கட்டுகிற மேரி, வண்டியோட்டும் மல்ஹால், எந்தப் பக்கமும் சேர விரும்பாமல் வேலைக்கு அலைகிற ஹெனசி. மல்ஹாலாக டோனல் மக்கான் நடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். பேச்சு மிகக் குறைவு. ஒரு விபத்துக்குப் பிறகு அந்தப் பெரிய உடம்பு என்ன ஆகிறது என்பதும், வீட்டுக்காரி அவரைப் பார்க்கும் விதம் எப்படி மாறுகிறது என்பதும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சண்டையிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் இருக்கிற வீடுகளில் இந்தப் பகுதிகளைப் போடுவதற்கு முன் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போடுவது மரியாதை.

முழுத் தொடரிலும் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அது தடியடியும் அல்ல, லார்கினின் பேச்சும் அல்ல. மிஸ் கில்கிறிஸ்ட் என்ற கிழவியின் கதை. கிங்ஸ்டவுனில் பிராட்ஷோ என்பவரின் வீட்டில் வாழ்நாளெல்லாம் வேலைக்கு நின்றவள். ஒருநாள் நோயில் விழுகிறாள். வீட்டு அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. ஐயாவுக்குக் கணக்குச் சரிவரவில்லை. அவளைப் பராமரிக்க ஆள் வேண்டும், மருத்துவச் செலவு வேண்டும், அவளுடைய வேலைக்கு வேறொருத்தி வேண்டும். கடைசியில் ஏழைகள் விடுதிக்கு அனுப்புகிறார்கள். சத்தம் போட்டு யாரும் யாரையும் விரட்டவில்லை. எல்லாரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். அதே வீட்டில் வேலைக்கு நிற்கிற மேரியின் முகத்தைப் பாருங்கள்: இருபது வயதில் தன் அறுபது வயதைப் பார்த்துவிட்ட முகம். பின்னால் அவள் கணவனின் சங்கத்துக்காகப் பட்டினி கிடக்கச் சம்மதிப்பது ஏன் என்பதற்கு நாடகம் வேறு விளக்கம் தருவதில்லை, தேவையும் இல்லை.

குருமார் இருவர் வருகிறார்கள். சேரிப் பங்கின் மூத்த குரு ஃபாதர் கிஃப்லி, குடியில் கரைந்துகொண்டிருப்பவர். சிறில் குசாக் நடிக்கிறார். அவருக்குக் கீழே, வசதியான பங்கை விட்டு ஏழைகளுக்குச் சேவை செய்யவென்று தானாகக் கேட்டு வந்த இளம் குரு ஃபாதர் ஓ’கொனர். நடிப்பவர் ஃபிராங்க் கிரைம்ஸ். ஏழைகளிடம் விரும்பி வந்தவருக்கு அவர்களின் நாற்றத்தைச் சகிக்க முடியவில்லை. வேலைநிறுத்தக்காரர் வீட்டுக்கு உதவி கொடுப்பது பாவத்துக்குத் துணைபோவது என்று நினைக்கிறார். மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் இந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கதை நீளும். அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும்: ஓ’கொனரை நாடகம் கெட்டவராகக் காட்டவில்லை. யாருக்கு நிவாரணம், யாருக்கு இல்லை என்று பட்டியல் எழுதும் அதிகாரம் ஒரு நல்ல மனிதனை என்ன செய்கிறது என்றுதான் காட்டுகிறது. குடும்ப அட்டையோடு வரிசையில் நின்று, பெயர் விடுபட்டுத் திரும்பி வந்த எவருக்கும் இது பிடிபடும்.

வரலாற்றில் திருச்சபை இன்னொரு இடத்திலும் குறுக்கே நின்றது. பட்டினி கிடந்த பிள்ளைகளை இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் சில மாதம் வைத்துப் பார்க்கும் திட்டம் 1913 ஒக்ரோபரில் கிளம்பியது. பிள்ளைகளின் கத்தோலிக்க விசுவாசம் கெட்டுவிடும் என்று பேராயர் வோல்ஷ் எதிர்த்தார். துறைமுகத்திலேயே பிள்ளைகளை மறித்தார்கள். தாய்மார் இரண்டு பக்கமும் இழுபட்டார்கள்.

லார்கினாக வருபவர் பீட்டர் ஓ’டூல். பெயருக்காகத்தான் பலர் தொடரைத் தேடுவார்கள். ஏமாற வேண்டாம், அவர் வருகிற நேரம் குறைவு. வந்தால் திரை நிறையும். அதுவே ஒரு குறையும்கூட. மற்ற எல்லாரும் தெருவில் நடப்பதுபோல நடிக்கும்போது அவர் மட்டும் மேடையில் நிற்பதுபோலத் தெரிகிறார். லார்கின் அப்படித்தான் பேசினார் என்று வாதிடலாம். இருந்தாலும் மக்கானோடும் கெலியோடும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை.

வேறு குறைகளும் உண்டு. உள்ளறைக் காட்சிகள் அந்தக் கால ஸ்டூடியோ வெளிச்சத்தில் எடுத்தவை. சேரி அறைகூடச் சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி வெளிச்சமாக இருக்கும். முதல் பகுதி மெதுவாக நகரும். பாத்திரங்களை அறிமுகம் செய்யவே முழுதும் போய்விடுகிறது. முதல் இரவு எழுந்து போகிறவர்கள் இரண்டாம் இரவும் வந்தால் பிறகு விடமாட்டார்கள். பெரிய குறை, தொழிற்சாலைப் பெண்கள். 1913இல் ஜேக்கப்ஸ் பிஸ்கற் தொழிற்சாலைப் பெண்கள் சங்கச் சின்னத்தைக் கழற்ற மறுத்து வெளியே நிறுத்தப்பட்டார்கள். லார்கினின் சகோதரி டெலியா 1911இலேயே பெண் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர். நாடகத்தில் பெண்கள் மனைவியாக, வேலைக்காரியாக, எசமானியாக வருகிறார்கள். சங்கக்காரியாக வருவதற்கு இடம் மிகச் சொற்பம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியற்காலை பஸ் ஏறுகிற பிள்ளைகள் வந்திருந்தால், இந்தச் செய்தியைத் தனியே எடுத்துச் சொல்லுங்கள். நாடகம் விட்ட இடத்தை நாங்கள் நிரப்பலாம்.

சேரி அறையைப் பற்றி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்கள் கட்டிய பெரிய மாடிவீடுகள்தான் பின்னால் சேரியாயின. 1801இல் டப்ளின் நாடாளுமன்றம் இல்லாமல் போனதும் பிரபுக்கள் மெல்ல மெல்ல லண்டனுக்குப் பெயர்ந்தார்கள். வீடுகள் கைமாறி, அறை அறையாக வாடகைக்குப் போயின. 1913 அளவில் 20,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. முற்றத்தில் ஒரு பைப், ஒன்றிரண்டு கக்கூசு, அதற்கு வீடு முழுக்க ஆட்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பெரியவர்களுக்கு இது லயக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அடுப்பும் தொட்டிலும் ஒன்றாய் இருந்த வாழ்க்கையை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். தொழிற்சாலைக் கண்காணிப்பாளனைக் ‘கங்காணி’ என்றே மொழிபெயர்த்துவிடுங்கள். ஒரு சொல்லில் வேலை முடிந்துவிடும். 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் செத்த கோவிந்தனின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களும் அங்கே இருப்பார்கள். டப்ளினில் தடியடியில் செத்த ஜேம்ஸ் நோலன், ஜோன் பேர்ன் இருவரின் பெயரையும் அதன் பக்கத்தில் வைத்துச் சொன்னால் தூரம் குறையும்.

இன்னொரு சங்கதி. இந்தத் தொடர் அயர்லாந்தில் ஓடிய அதே 1980இல்தான், ஜூலை மாதம், இலங்கையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்ட பொது வேலைநிறுத்தம் நடந்தது. வேலைக்கு வராதவர்கள் தாங்களாகப் பதவியை விட்டு விலகியவர்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. 40,000க்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். மர்ஃபியின் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். இங்கே கையெழுத்தும் கேட்கவில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம் என்று பழைய வேலைத்தலங்களில் இருந்து ஓய்வுபெற்றவர்களை முன்வரிசையில் இருத்துங்கள். கேள்விக்கு மறுமொழி அவர்களிடமிருந்து வரும்.

இனி, எப்படிப் போட்டுக் காட்டுவது.

அறிவித்தல் பலகையில் தொடரின் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுத வேண்டாம். ‘விலைமகள் நகரம்’ என்பதுதான் அதன் பொருள். அகராதி பார்த்த தாய் தகப்பன் பிள்ளைகளை விடமாட்டார்கள். ‘டப்ளின் 1913’ என்று எழுதினால் போதும். லிலி என்ற பாலியல் தொழிலாளி ஒரு முக்கிய பாத்திரம். குடியும் அடிதடியும் நோயும் உண்டு. பதினான்கு வயதுக்கு மேல் என்று வையுங்கள்.

டப்ளின் பேச்சு ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் லேசில் பிடிபடாது. தமிழ்த் துணையெழுத்து நாங்களே செய்ய வேண்டியதுதான். ஒரு பகுதிக்கு ஐந்நூறு அறுநூறு வரி வரும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு பேர் மாறி மாறி வேலை செய்யும்படி பிரியுங்கள்: ஒருவர் நேரம் குறிக்க, மற்றவர் தமிழ் எழுத. தமிழ் வசனம் ஆங்கிலத்தை விட நீளும். எனவே சொல்லுக்குச் சொல் போடாமல் சுருக்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தது இரண்டு செக்கன் திரையில் நிற்க வேண்டும், வயதானவர்கள் அதிகமென்றால் மூன்று. சாண்ட்லர்ஸ் கோர்ட் ஆட்களுக்கு எங்கள் பேச்சுத் தமிழ், பிராட்ஷோ வீட்டுக்கு ஏட்டுத் தமிழ் என்று பிரித்துக் கொடுத்தால் வர்க்கம் காதால் தெரியும். மேரி எசமானியை ‘அம்மா’ என்றும், மல்ஹால் ஃபிட்ஸைத் ‘தம்பி’ என்றும் கூப்பிடட்டும். காசுக் கணக்கை மாற்ற வேண்டாம்: 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்று தொடக்கத்தில் ஒரு தடவை திரையில் காட்டினால் போதும். பயிற்சியில்லாத கூலியாளுக்கு அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒரு பவுண் கிடைப்பதே அரிது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு: யூனிகோடுக்கு முந்திய பழைய பாமினி எழுத்துரு. கச்சேரிக் கடிதம் தட்டச்சிடுகிற பழக்கத்தில் பாமினியில் அடித்துவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடில் அடித்து, கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தும், பென் ட்ரைவை நேரடியாகத் தொலைக்காட்சியில் செருகினால் சில பெட்டிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். அந்தப் பெட்டிகளுக்குத் தமிழைச் சேர்த்து வரையத் தெரியாது. மடிக்கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டு அங்கிருந்து காட்டினால் சிக்கல் இல்லை. படக் கோப்புக்கும் துணையெழுத்துக் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே கோப்புறையில் போடுங்கள்.

துணையெழுத்து தொடக்கத்தில் சரியாக வந்து, போகப் போகப் பிந்தினால் அல்லது முந்தினால், காரணம் சட்ட வேகம், அதாவது செக்கனுக்கு எத்தனை படச் சட்டம் ஓடுகிறது என்பது. ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பதிவு செக்கனுக்கு 25 சட்டம். 24 சட்டக் கணக்கில் நேரம் குறித்திருந்தால் 50 நிமிடத்தில் இரண்டு நிமிடம் விலகிவிடும். இதை விஎல்சியின் ஜி, எச் விசைகளால் திருத்த முடியாது. அவை ஓர் அழுத்தலுக்கு 50 மில்லிசெக்கன் முன்பின் நகர்த்துபவை, ஒரே அளவில் தள்ளியிருக்கிற பிழைக்குத்தான் உதவும். கோப்பையே 25க்கு மாற்ற வேண்டும்.

படம் பழைய 4:3 அளவு. புரொஜெக்டரை அகலத்திரை அமைப்பில் விட்டால் ஆட்கள் குட்டையும் பருமனுமாகத் தெரிவார்கள். பட்டினிக் கதையில் அது மிகப் பெரிய அநியாயம். அமைப்பில் 4:3 ஆக்குங்கள். எட்டடி அகலம், ஆறடி உயரத்தில் வெள்ளைத் துணி போதும். கீழ் விளிம்பு நிலத்திலிருந்து நாலடியில் இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்கும் துணையெழுத்துத் தெரியும். இதில்தான் பலர் பிழைவிடுவது. சோழகம் அடிக்கிற மாதங்களில் துணி பாய்மரமாகும். பொதுநோக்கு மண்டபத்துச் சுவருக்கு வெள்ளை அடித்து அதில் காட்டுவது நல்லது. மண்டபம் தகரக் கூரையென்றால் பேச்சு எதிரொலித்துக் கலங்கும். பக்கச் சுவர்களில் சாக்கு அல்லது தடித்த சீலை தொங்கவிடுங்கள். ஒலிப்பதிவு பழையது; கோயில் கூம்பு ஒலிபெருக்கியை நாடவேண்டாம், சாதாரண ஸ்பீக்கர் இரண்டு திரைக்கு இரு பக்கமும் தலை உயரத்தில் இருக்கட்டும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் ஒரு கிலோவாட் ஜெனரேற்றர் தாராளம்: புரொஜெக்டருக்கு ஏறத்தாழ 300 வாட், மடிக்கணினிக்கு 65, ஸ்பீக்கருக்கு 100. நூறடி தள்ளி, காற்று போகிற பக்கமாக, ஒரு மதிலுக்கு அப்பால் வையுங்கள். பெற்றோல் நடுவில் முடிந்து ஜெனரேற்றர் திடீரென நின்றால் விளக்கு வகைப் புரொஜெக்டரின் விசிறியும் நின்று, சூட்டில் விளக்கு வெடிக்கலாம். பகுதி தொடங்க முன் தாங்கியை நிரப்புங்கள்.

காலம்: மாரி ஓய்ந்து காலபோக அறுவடையும் முடிந்த பிறகு, பங்குனி நடுவிலிருந்து சித்திரை வரை. ஏழு சனிக்கிழமை, இரவு ஏழு மணி. பெரிய வெள்ளி வருகிற கிழமையில் மட்டும் காட்சி வேண்டாம். ஏழையும் இரண்டே இரவில் போட்டு முடிக்கும் யோசனை வரும், வேண்டாம். கிழமைக்கு ஒன்றென்று பார்த்தால்தான் ஐந்து மாதப் பட்டினியின் நீளம் உடம்பில் ஏறும்.

டிவிடியாக வெளிவந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்கள் டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் வலய எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்: அயர்லாந்தும் பிரித்தானியாவும் வலயம் 2, எங்கள் பக்கம் வலயம் 5. இங்குள்ள பிளேயர் திறக்காவிட்டால் விஎல்சி பெரும்பாலும் திறந்துவிடும். வீட்டுக்குள் பார்ப்பது வேறு. பொதுவில் காட்ட உரிமையாளரான ஆர்டிஈயிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கட்டணம் இல்லாத சனசமூக நிலையக் காட்சி என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இதைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்தது என்ன என்று கேட்டால், பிபிசி 1975இல் ஒளிபரப்பிய ‘டேய்ஸ் ஒஃப் ஹோப்’ இருக்கிறது. கென் லோச் இயக்கம், நாலு பகுதி, 1916இல் தொடங்கி 1926 பிரித்தானியப் பொது வேலைநிறுத்தத்தில் முடிகிறது. தலைவர்கள் எப்படிக் கைவிட்டார்கள் என்பது அதன் கேள்வி. ஆனால் அதில் கூட்டங்களில் வாதம் அதிகம், கட்சி அரசியல் தெரியாமல் நுழைந்தால் களைத்துப்போவார்கள். முதலில் டப்ளின், பிறகு அது.

கடைசிப் பகுதியைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. “எப்ப வெல்லுறாங்கள்?” என்று ஆறாம் இரவே கேட்பார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் விடுங்கள். ஆனால் பிறகு நடந்ததைச் சொல்ல ஆயத்தமாக இருங்கள். பிரித்தானியச் சங்கங்கள் 1913 செப்டெம்பர் 27 முதல் கப்பலில் சாப்பாடு அனுப்பின, காசும் அனுப்பின. ஆனால் டிசெம்பரில் கூடி ஆதரவு வேலைநிறுத்தம் செய்ய மறுத்துவிட்டன. அதோடு முதுகு முறிந்தது. ஜனவரியில் ஆட்கள் கிடைத்த நிபந்தனையில் திரும்பினார்கள். பலருக்குத் திரும்பவும் இடம் கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்டில் உலகப் போர் வந்தபோது வேலையில்லாத பலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். சங்கம் சாகவில்லை, சில வருடத்தில் முன்னிருந்ததை விடப் பெரிதாக வளர்ந்தது.

ஏழாம் பகுதியில் ராஷர்ஸின் நிலவறைக்குக் கமரா கடைசியாக இறங்கும். அதற்குப் பிறகு பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை மண்டப விளக்கைப் போடவேண்டாம், கதிரையை அடுக்கவும் வேண்டாம். புரொஜெக்டரின் விளக்கை அணைத்த பிறகும் விசிறி இரண்டு நிமிடம் ஓடித்தான் ஆகவேண்டும். அந்த இரண்டு நிமிடமும் சனம் இருட்டில் இருக்கட்டும்.